ஈட்டி போன தூரமும் நாங்கள் கேட்காத தூரமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். என்னிடம் ஈட்டி எறியப் பழகிய ஒரு பெண்ணின் ஐந்து வருடங்களை இங்கே எழுதுகிறேன். அவள் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அவளிடமும் அவள் அம்மாவிடமும் சம்மதம் வாங்கி, என் பயிற்சி நோட்டையும் அவளுடைய மருத்துவச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது இது. பதினேழு வயதில் அவள் ஈட்டியை விட்டுவிடப் பார்த்தாள். தப்பு அவள் பேரில் இல்லை, பெரும்பகுதி என் பேரில்தான். ஊர்ப்புறப் பள்ளிகளில் ஒரு விசிலும் ஒற்றை ஈட்டியுமாக நிற்கிற ஆசிரியர்கள் இதைப் படித்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

எறிபந்தில் தொடங்கியது

அவள் ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். எறிபந்து ஆட நிறுத்தினால் அவள் எறிகிற பந்து கோட்டுக்கு வெளியேதான் விழும். கூட ஆடுகிற பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்ள யோசிப்பார்கள். ஒருநாள் மூங்கில் கம்பு ஒன்றைக் கையில் கொடுத்து எறியச் சொன்னேன். கம்பு காற்றில் ஆடவில்லை. நேராகப் போய் முனை குத்தி விழுந்தது. புதிதாக எறிகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வால்தான் முதலில் தரையைத் தொடும். முனை முதலில் தொட்டால்தான் அந்த எறி கணக்கில் சேரும் என்பது விதி. பல பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே ஒரு வருடம் ஆகும்.

அப்பா வெளிமாநிலத்தில் முறுக்குக் கம்பெனியில் வேலை செய்கிறார், பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவார். அம்மா மல்லிகைத் தோட்டங்களில் கூலிக்குப் பூப்பறிக்கிறவர். பறிப்பு மும்முரமான மாதங்களில் விடியுமுன்பே மகளும் தோட்டத்துக்குப் போய்விடுவாள். பூ மொட்டாக இருக்கும்போதே பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும், வெயில் ஏறினால் விலை இறங்கிவிடும். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஓடிவந்து, குளித்து, பள்ளிக்கு வந்து, மாலையில் என்னிடம் பயிற்சி. வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்டது அப்பத்தாதான்.

இந்த மண்ணுக்கு எறிவது புதிதில்லை. மதுரை, சிவகங்கைச் சீமைகளில் வளரி எறிந்து வேட்டையாடியவர்கள், போரிட்டவர்கள் நம் ஆட்கள். ஆனாலும் ஒரு பெண்பிள்ளை ஈட்டியோடு தெருவில் நடந்தால் இன்றும் நின்று பார்க்கிறார்கள். அவள் அம்மாவுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைப் பற்றிச் சொன்னேன். பாட்டி வளர்த்த பிள்ளை, மதுரையிலேயே ஓடிப் பழகி டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடியவர், ரயில்வேயில் வேலை பார்க்கிறவர். ஒலிம்பிக்கைவிட ரயில்வே வேலைதான் அம்மாவின் மனதில் நின்றது. சரி என்று விட்டுவிட்டார்.

பள்ளியில் அப்போது ஓர் ஈட்டிதான் இருந்தது, அதுவும் ஆண்களுக்கான 800 கிராம் ஈட்டி. பெண்களுக்கு 600 கிராம், 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 500 கிராம். பழைய மாணவர் ஒருவர் 500 கிராம் ஈட்டி வாங்கித் தந்தார். அது ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். போட்டிக்கு மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போக வேண்டுமென்றால், அதைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்துத் துணி சுற்றி, ஆரப்பாளையம் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கெஞ்சிக் கடைசி இருக்கைக்குக் கீழே படுக்கவைக்க வேண்டும். இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவது பஸ்ஸில் ஏறிய நாட்கள் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் 24 மீட்டர், பத்தில் 33, பதினொன்றின் தொடக்கத்தில் 40-ஐத் தாண்டினாள். குறுவட்டம், மாவட்டம் எல்லாவற்றிலும் முதலிடம். அந்தப் பதக்கங்களைப் பற்றி எழுத இவ்வளவுதான்.

நான் எண்ணாமல் விட்டவை

ஈட்டி எறிவது கை வேலை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஓடிவருகிற வேகத்தை, வலக்கைக்காரர்களுக்கு இடது கால் ஊன்றித் தடுக்கிறது. கால் நின்றதும் இடுப்பு முன்னால் போகும், அதன் பின்னால் மார்பு, அப்புறம் தோள், முழங்கை, கடைசியில்தான் விரல்கள். சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடி நின்றபின் நுனி பாய்வதுபோலத்தான் இதுவும். அந்த ஊன்றுகால் முழங்கால் மடங்காமல் நின்றால் வேகம் முழுதும் மேலே ஏறும். மடங்கினால் பாதி வேகம் தரையிலேயே போய்விடும். குறைந்ததை ஈடுகட்டப் பிள்ளை முதுகை வில்லாக வளைக்கும். பார்க்க அழகாகவே இருக்கும். அவள் எறிவதைப் பார்த்து, "என்னமா வளையுது பாருங்க டீச்சர்" என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னபோது நானும் பூரித்துப்போய்த் தலையாட்டியிருக்கிறேன்.

அவளுடைய ஊன்றுகால் மடங்கியது. எங்கள் மைதானம் இறுகிய செம்மண். மேலே பொடிமண் கிடக்கும், சாதாரணக் கேன்வாஸ் ஷூ அதில் வழுக்கும். வழுக்குகிற இடத்தில் எந்தக் காலும் நம்பி நிமிர்ந்து ஊன்றாது. அப்படியே பழகிய பிள்ளையைப் போட்டி நாளில் செயற்கை ஓடுதளத்தில், அடியில் முள் வைத்த இரவல் ஷூ (ஸ்பைக்ஸ்) போட்டு நிறுத்தினேன். அங்கே கால் கொஞ்சமும் வழுக்காது. மண்ணில் வழுக்கிக் கரைந்த அதிர்ச்சியெல்லாம், பக்குவப்படாத அந்த முதுகில் ஏறியது. இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தப்பு எண்ணிக்கை. மாநிலப் போட்டிக்கு முந்தைய ஆறு வாரங்களின் நோட்டை இப்போது புரட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் அதிகபட்சத் தூரம் எழுதியிருக்கிறது. எத்தனை எறிந்தாள் என்று ஒரு நாள்கூட எழுதவில்லை. அறுபதுக்குக் குறையாது என்று அவள் சொல்கிறாள். வாரத்துக்கு ஆறு நாள். அதோடு பள்ளிக்குப் புள்ளிகள் வேண்டும் என்று குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும் அவள் பெயரைக் கொடுத்திருந்தேன். அடுத்த வருடம் 600 கிராமுக்கு மாற வேண்டும் என்பதால், மாநிலப் போட்டி முடிந்ததும் ஓய்வு விடாமல், கல்லூரி ஒன்றில் இரவல் வாங்கிய 600 கிராம் ஈட்டியைக் கையில் கொடுத்தேன். அந்த ஈட்டி 70 மீட்டர் எறிகிறவர்களுக்கென்று செய்த விறைப்பான ஈட்டி. ஈட்டியில் எடை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு தூரம் எறிகிறவருக்குச் செய்தது என்பதும் எழுதியிருக்கும். விறைப்பான ஈட்டி புதியவர்களின் சின்னப் பிழையைக்கூட மன்னிக்காது. 500-க்கும் 600-க்கும் நூறு கிராம்தானே என்று தோன்றும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அது. 40 போன பிள்ளைக்கு 34-தான் போனது. அவள் இன்னும் வளைந்தாள், இன்னும் பலமாக எறிந்தாள்.

நிமிரும்போது வந்த வலி

தை மாதம் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம். பூப்பறிப்பால் வந்தது என்று நான் சொன்னேன், அம்மாவும் அதையே சொன்னார். விடியற்காலையில் இரண்டு மூன்று மணி நேரம் குனிந்து நிற்கிற பிள்ளைக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? பறிப்பை நிறுத்தினோம். வலி குறையவில்லை. ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போனார்கள். எண்ணெய் தேய்த்து, குப்புறப் படுக்கவைத்து, காலைப் பின்னால் மடக்கி இழுத்திருக்கிறார். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பிறகு ஒரு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நன்றாக இருக்கிறது, தசைப்பிடிப்பு என்றார். ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். அது கேட்ட மூன்று வாரம் மறுபடி எறிந்தாள். எறியவைத்தேன்.

திருப்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் வந்தது. பார்க்கப் போயிருந்தேன். அவள் சொன்னாள்: "டீச்சர், குனிஞ்சு பூப்பறிக்கிறப்ப ஒண்ணுமே செய்யல. நிமிந்து கொடியில துணி போடுறப்பத்தான் சுள்ளுனு இருக்கு."

இத்தனை வாரமும் இதை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. குனிந்தால் வலிப்பது ஒரு வகை, பின்னால் வளைந்தால் வலிப்பது வேறு வகை. ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொன்னேன். இடது காலில் நின்று வளைந்ததும் முகம் சுருங்கிப்போனது. உடற்கல்விப் படிப்பில் இதைப் படித்திருக்கிறேன். வளர்கிற வயதில் வேகப்பந்து வீசுகிறவர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறவர்கள், ஈட்டி எறிகிறவர்கள் திரும்பத் திரும்ப முதுகைப் பின்னால் வளைத்துத் திருகுவதால், முள்ளெலும்பின் பின்வளைவில் மயிரிழை விரிசல் வரும். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது.

அழகர் ஆற்றில் இறங்கின வாரம், ஊரெல்லாம் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, நாங்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம். இடுப்புப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பில், இடதுபுற வளைவில் அழுத்த விரிசல் தொடங்கியிருந்தது. முழுதாக உடையவில்லை. வலக்கை வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும் என்று அந்த மருத்துவர் சொன்னார். மூன்று மாதம் எறியக் கூடாது, ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது.

இன்னொரு தூரம்

அந்த மருத்துவர் ஒரு பெண். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்: "மாதவிடாய் வந்து அஞ்சு மாசம் ஆச்சாமே, தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் மாதவிலக்கையும் தூரம் என்றுதான் சொல்வார்கள், வீட்டுக்குத் தூரம் என்று. மூன்று வருடமாக ஒவ்வொரு மாலையும் அந்தப் பிள்ளையிடம் தூரம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று கேட்டவள் நான். இந்தத் தூரத்தை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானும் ஒரு பெண். ஆண் ஆசிரியரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்று மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன். என்னிடமே அவள் சொல்லவில்லை. அம்மா வேறு ஏதாவது நினைத்து அடித்துவிடுவார் என்று பயந்து வீட்டிலும் சொல்லவில்லை. பயிற்சி பண்ணினால் அப்படித்தான் நிற்கும் என்று மைதானத்தில் ஓர் அக்கா சொல்லியிருக்கிறாள். அதை நம்பிவிட்டாள்.

செலவழிக்கிற சக்திக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துகிறவற்றில் மாதவிடாயும் ஒன்று. அது நின்றால் எலும்புக்குக் காவலாக இருக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பு உறுதிப்பட வேண்டிய வயதில் அது மெலியும். அந்த எலும்பின் மேல்தான் நான் தினம் அறுபது எறிகளை ஏற்றினேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6. அவள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எங்கள் பள்ளி வேறு மாதிரி இருக்கும் என்று நான் எதை வைத்து நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவள் என்ன சாப்பிட்டாள் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். காலையில் தோட்டத்துக்குப் போகுமுன் ஒரு வரக்காப்பி. திரும்பி வந்து நேரமிருந்தால் பழைய சோறு, இல்லாவிட்டால் கிடையாது. மதியம் வீட்டிலிருந்து கட்டி வந்த சோறும் ஊறுகாயும். மாலை பயிற்சி முடிந்து ஒரு டீ. இரவு எட்டரைக்குச் சாப்பாடு. பத்தாம் வகுப்பு வரை இவ்வளவு மோசமில்லை. அதற்குக் காரணமும் எழுதும்போதுதான் புரிந்தது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதுவரை வாரத்தில் ஐந்து நாள் சூடான சோறும் முட்டையும் கிடைத்தது. பதினொன்றில் அது போனது. அதே பதினொன்றில்தான் பயிற்சியை நான் இரண்டு மடங்காக்கினேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் நம் மதுரையில்தான் தொடங்கியது. அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், அவள் தம்பி சாப்பிடுகிறான். மேல்நிலை வகுப்பில் படிக்கிற, அதுவும் ஓடுகிற எறிகிற பிள்ளைகளுக்குத்தான் பசி அதிகம். அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு பள்ளியில் கிடைக்க வேண்டும். இதைக் கேட்கிற இடத்திலெல்லாம் நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

மூன்று மாதம், பிறகு ஒரு வருடம்

முதல் மூன்று மாதம் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். மருத்துவர் சொன்னபடி வயிற்றுத் தசை, புட்டத்துத் தசைப் பயிற்சிகள் மட்டும். பாய் விரித்து மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முழங்கையில் ஊன்றி அசையாமல் கிடப்பது. பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும்.

சாப்பாட்டை அப்பத்தா பொறுப்பெடுத்துக்கொண்டார். காலையில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ குடிக்காமல் வாசல் தாண்டக் கூடாது. இரண்டு முட்டை. வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. கூடவே நெல்லிக்காய், புளிப்பு இருந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடிப்பது நின்றது. பள்ளியில் வாராவாரம் தருகிற நீல மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறதென்று அதுவரை ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறாள். மருத்துவர் தந்த மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் புரட்டவில்லை. பயிற்சிப் பையில் நிலக்கடலையும் வாழைப்பழமும் இருக்கிறதா என்று நானே பார்த்தேன். நான்காவது மாதம் மாதவிடாய் திரும்பியது. அன்று காலை பள்ளிக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்து, "டீச்சர், தூரமாயிட்டேன்" என்று சிரித்தாள். ஒரு பிள்ளை அதைச் சிரித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் போட்டிகள் போய்விட்டன. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போக அந்த வருடச் சான்றிதழ்தான் முக்கியம் என்று எல்லோரும் சொன்னார்கள். "ஒரே ஒரு போட்டி, மூணே மூணு எறி" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அம்மாவும் ஒருநாள் பள்ளிக்கு வந்து அழுதார்: "பொம்பளப்புள்ளைக்கு முதுகும் போச்சு, மெடலும் போச்சுன்னா நான் என்ன செய்வேன் டீச்சர்?" எனக்கும் பதில் தெரியவில்லை. மாவட்டப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் அவள் விட்டுவிடுகிறேன் என்றாள். அவளிடம் நான் வயதுக் கணக்கைச் சொன்னேன். அன்னு ராணி மீரட் பக்கத்துக் கிராமத்துப் பெண், மூங்கில் ஈட்டியில் பழகியவர். 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் 59.53 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கியபோது வயது 22. ஜாம்ஷெட்பூரில் 63.82 மீட்டர் எறிந்து தேசியச் சாதனை வைத்தது 2022-ல், 29 வயதில். ஹாங்சோ ஆசியப் போட்டியில் 62.92 மீட்டருக்குத் தங்கம் வாங்கியபோது 31. உலக சாதனையான 72.28 மீட்டரை செக் நாட்டு பார்போரா ஷ்போதாகோவா எறிந்தது 27 வயதில். நீரஜ் சோப்ராவுக்கு 2019-ல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை, 2021-ல் ஒலிம்பிக் தங்கம். என் மாணவிக்கு அப்போது 17. பள்ளி முடிகிற வயதில் ஈட்டி முடிகிறது என்று நினைப்பதற்கு நம் போட்டி அட்டவணைதான் காரணம், உடம்பு அப்படிச் சொல்லவில்லை. இதைக் கேட்டு அவள் உடனே தெளிந்துவிடவில்லை. ஆனால் மறுநாள் பாயை எடுத்துக்கொண்டு வந்தாள்.

திரும்ப எறியத் தொடங்கியபோது முதல் ஆறு வாரம் ஈட்டியே கிடையாது. நின்ற இடத்திலிருந்து மெடிசின் பால் என்கிற கனமான பந்து, பிறகு டென்னிஸ் பந்து. அடுத்து நடந்து வந்து மூன்று அடியில் 500 கிராம். ஒரு நாளைக்குப் பதினைந்து எறி, வாரத்துக்கு இரண்டு நாள். ஓடுபாதையின் முடிவில் பொடிமண்ணைக் கூட்டித் தள்ளி, ஊன்றுகால் விழுகிற இடத்தில் பழைய ரப்பர் பாயை ஆணியடித்துப் பதித்தோம். கால் வழுக்காது என்று தெரிந்ததும் இரண்டே வாரத்தில் முழங்கால் நிமிர்ந்து ஊன்றியது. மூன்று வருடம் நான் வாயால் கத்தியதை அந்த ரப்பர் பாய் சொல்லிக்கொடுத்தது. போனில் பக்கவாட்டில் எடுத்த வீடியோவைப் பழையதோடு வைத்துப் பார்த்தால் முதுகின் வளைவு பாதியாகக் குறைந்திருக்கிறது.

பதினொன்றாம் வகுப்புச் சான்றிதழை வைத்தே மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது முதலாம் ஆண்டு. 600 கிராம்தான், ஆனால் 50 மீட்டர் வகை ஈட்டி. அவளுடைய கல்லூரிப் பயிற்சியாளரிடம் நோட்டை ஒப்படைத்தேன். நோட்டில் இப்போது ஐந்து பத்திகள்: எறிகளின் எண்ணிக்கை, தூக்கம், சாப்பாடு, பின்னால் வளைந்தால் வலி உண்டா, மாதவிடாய் தேதி. தூரத்துக்கு ஆறாவது பத்தி போட்டிருக்கிறோம். போட்டி நாளில் மட்டும் அது நிரம்பும்.

சென்ற மாதம் நடந்த போட்டிக்கு அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் எறி ஃபவுல், கணக்கில் சேரவில்லை. இரண்டாவது 36 மீட்டர். முதல் எட்டுப் பேருக்குள் வந்ததால் இன்னும் மூன்று எறிகள் கிடைத்தன. ஐந்தாவது 38.70, நான்காம் இடம். பள்ளியில் 500 கிராமில் அவள் எறிந்த தூரத்தை இன்னும் தொடவில்லை. ஆறாவது எறிக்கு ஓடிவந்தவள் அடி தவறியதும் எறியாமல் நின்றுவிட்டாள், ஈட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். முன்பு என்றால் தவறிய அடியிலும் முதுகை வளைத்து எறிந்திருப்பாள். அப்பத்தா கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏன்டி எறியல?" என்று சத்தம் போட்டார். "கால் சரியா விழல அப்பத்தா" என்றாள்.

அடுத்து அவளுடைய ஓட்டத்தை ஒன்பது அடியிலிருந்து பதின்மூன்றாகக் கூட்ட வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். வேகம் கூடினால் ஊன்றுகால் மறுபடி மடங்குமா என்பதை வீடியோ எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறோம். ஆறு மாதம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. இருக்கிறது. எங்கள் பள்ளியில் இந்த வருடம் எட்டாம் வகுப்பில் இன்னொரு பிள்ளை மூங்கில் கம்பை முனை குத்த எறிகிறாள். அவளுக்கு வாரத்துக்கு முப்பது எறிதான். எறிபந்தும் கோகோவும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.